பாட்டு உண்டு என்று சொன்ன வில்மா

வில்மா ட்ரஸ்கோட் இருபத்தொன்பது ஆண்டுகள் நின்றுகொண்டே பிழைத்தாள். காலையில் ஷாப்பிங் மாலில் நிற்பாள். பிற்பகலில் திரையரங்கின் வாசலில் நிற்பாள். 1980இல் தொடங்கியது. நான் அதே நிறுவனத்தில் 1983இல் சேர்ந்தேன். எனக்கு மேசையும் நாற்காலியும் கிடைத்தன.

நிறுவனம் பர்பேங்கில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. ஸ்டுடியோக்கள் ஒரு படத்தை வெளியிடும் முன் அதை வழிப்போக்கர்களுக்கு இலவசமாகப் போட்டுக் காட்டி, அவர்கள் கருத்தை எழுதி வாங்குவார்கள். அந்தச் சோதனைக் காட்சிகளை நடத்திக் கொடுப்பது எங்கள் வேலை. ஆள் பிடிப்பது வில்மா. காட்சி நடக்கும்போது கதவருகில் நின்று, பாதியில் எழுந்து போகிறவர்களை எண்ணி, எத்தனையாவது நிமிடத்தில் போனார்கள் என்று குறிப்பதும் அவள்தான். கடைசியில் மக்கள் நிரப்பித் தரும் கருத்துத் தாள்களைக் கூட்டிக் கணக்கெடுப்பது நான். தாளில் ஐந்து கட்டங்கள் இருக்கும்: பிரமாதம், மிக நன்று, நன்று, சுமார், மோசம். முதல் இரண்டு கட்டங்களில் கோடு போட்டவர்கள் நூற்றுக்கு எத்தனை பேரோ அதுதான் படத்தின் மதிப்பெண். ஐம்பத்தைந்து வந்தால் சாதாரணப் படம். எழுபதைத் தாண்டினால் ஸ்டுடியோக்காரர்கள் விருதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

வில்மா ஃப்ரெஸ்னோவில் பிறந்தவள். அவள் அப்பா உலர்திராட்சைக் கிடங்கில் மூட்டை கட்டுபவர். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு ரெசீடாவுக்கு வந்தாள். அவர் 1979இல் ஓரிகன் மாநிலத்துக்கு ஒரு வேலையாகப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். அதன்பின் ஏழு மாதம் ஒரு செருப்புக் கடையில் இருந்தாள். இரண்டு வேலையில் எது தேவலை என்று ஒருமுறை கேட்டேன்.

“செருப்புக் கடையில நாள் பூரா ஜனங்க காலைப் பார்த்தேன். இங்க முகத்தைப் பார்க்கிறேன்,” என்றாள். “காலே மரியாதையா இருந்துச்சு, எமில்.”

ஆனால் அவளைப் போல ஆள் பிடிக்க எங்களில் யாராலும் முடியாது. கையில் பையோடு வருகிறவர்களை நிறுத்த மாட்டாள். அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவர்கள். வெறுங்கையோடு மெதுவாக நடப்பவர்களைப் பத்தடி தூரத்திலேயே தேர்ந்தெடுத்துவிடுவாள். கேட்ட ஒவ்வொருவருக்கும் அட்டையில் ஒரு கோடு, சம்மதித்தவருக்குக் கோட்டின்மேல் ஒரு வட்டம். அந்த அட்டைகளில் ஒரு நாளும் நான் பிழை கண்டதில்லை.

ஆள் பிடிப்பவர் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஸ்டுடியோ எழுதிக் கொடுக்கும். நான்கு வரி இருக்கும். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. பாட்டுப் படமாக இருந்தால் அந்த நான்கு வரியில் பாட்டைப் பற்றி ஒன்றும் இருக்காது. பாடுவார்கள் என்று தெரிந்தால் வருகிற கூட்டம் பாதியாகிவிடும் என்பது விளம்பரக்காரர்களின் முடிவு. விளம்பரப் படத்திலும் யாரும் வாயைத் திறந்து பாட மாட்டார்கள். ஓடுவார்கள், அழுவார்கள், மழையில் நிற்பார்கள், அவ்வளவுதான். வில்மா காலத்தில், 2009க்கு முன், பதினோரு பாட்டுப் படங்கள் எங்களிடம் வந்தன. பதினொன்றுக்கும் வேறு பெயர் சொல்லித்தான் ஆள் பிடித்தோம். காதல் கதை, குடும்பக் கதை என்று சொன்னோம். ஒன்றை மீனவர்களின் வாழ்க்கை என்றும் சொன்னோம். யாராவது நேராக, “இதில் பாடுவார்களா?” என்று கேட்டுவிட்டால் அதற்கும் ஒரு பதில் எழுதியிருக்கும்: “நான் இன்னும் படம் பார்க்கவில்லை.” அது பொய்யில்லை. ஆள் பிடிப்பவர்களை உள்ளே உட்கார விடுவதில்லை.

முதல் பாட்டை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். கனவாக இருக்கும், அல்லது குடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது பாட்டில்தான் எழுந்திருப்பார்கள். பதினோரு படங்களிலும் இது மாறவே இல்லை. அப்படி எழுந்து வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது கதவருகே நிற்கும் வில்மா. தங்களை மாலில் நிறுத்திச் சிரித்துப் பேசிச் சீட்டுக் கொடுத்தவளும் அவள்தான். ஒருவர் சோளப்பொரியை அவள்மேல் கொட்டிவிட்டுப் போனார். அவள் அதை உதறிவிட்டு நிமிடத்தைக் குறித்துக்கொண்டாள்.

2009 தொடக்கத்தில் அவளுக்கு அறுபத்து மூன்று வயது. இடது முழங்கால் பகலில் வீங்கி, மறுநாள் விடிவதற்குள் வற்றாமல் போகத் தொடங்கியது. நிற்பதை நிறுத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் நிறுவனத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள் இரண்டுதான். ஒன்று என்னுடையது. இன்னொன்று குழுப் பேச்சு. படம் முடிந்ததும் இருபது பேரை மட்டும் முன்வரிசையில் நிறுத்திவைத்து, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கேட்பார்கள். கேட்பவருக்கு ஓர் உயரமான முக்காலி உண்டு. அதில் பதினெட்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த ஹோவர்ட் பிங்க்லி அக்டோபரில் ஓய்வு பெறுவதாக இருந்தார்.

எங்கள் முதலாளி லைல் ஹாகன். அவன் அப்பா தொடங்கிய நிறுவனம் அது. லைல் பள்ளிக்கூடம் போகும்போதே வில்மா அங்கே இருந்தாள். ஆகஸ்டில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னான்:

“ஹோவர்டோட இடம் உங்களுக்குத்தான் வில்மா. இப்ப வந்திருக்கிற டுலூத் படத்தை மட்டும் ஒழுங்கா முடிச்சுக் குடுத்துடுங்க. நாற்காலி காலியா இருக்கக் கூடாது, வாசல்ல சண்டை வரக் கூடாது. முடிச்ச கையோட முக்காலி உங்களுக்கு.”

“எழுதிக் குடுப்பியாப்பா?”

“என் வார்த்தை போதாதா?”

“உங்கப்பா வார்த்தைக்கே நான் ஒன்பது வருஷம் காத்திருந்தேன்,” என்றாள் வில்மா. அவன் சிரித்தான். எழுதிக் கொடுக்கவில்லை.

டுலூத் நகரத்தில் பனிக்காலத்தில் பேருந்து ஓட்டும் ஒரு விதவையைப் பற்றிய படம் அது. பாட்டுகள் பதினொன்று. எங்களுக்குக் கொடுத்த நான்கு வரியில், ‘மனதைத் தொடும் ஒரு தாயின் கதை’ என்று இருந்தது. முதல் சோதனைக் காட்சி ஆகஸ்ட் 29, சனிக்கிழமை, பசடினாவில், மாலை நான்கு மணிக்கு. அரங்கில் இருநூற்றுப்பத்து நாற்காலிகள். வில்மா அறுநூற்று முப்பது பேரைக் கேட்டு இருநூற்றுப்பத்துப் பேரைப் பிடித்திருந்தாள், வந்தவர்கள் நூற்றெண்பத்தெட்டு.

இரண்டாவது பாட்டு இருபத்தொன்றாவது நிமிடத்தில் வந்தது. நான் முன்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. ஒரு தடித்த மனிதர், பின்னால் அவர் மனைவி.

“ஏம்மா, தாயின் கதைன்னு சொன்னீங்க?”

“ஆமாங்க. தாய்தானே சார்?”

“தாய்தான். பஸ்ஸை நிறுத்திட்டு நடுரோட்டுல பாடறா! டிக்கெட் வாங்க நிக்கிறவனும் கூடப் பாடறான்! பஸ் எப்பத்தான் கிளம்பும்?”

“பேசாம வாங்களேன்,” என்றாள் மனைவி. “பாவம், அந்தம்மா என்ன பண்ணுவாங்க.”

“இவங்கதான் கூப்பிட்டது! சிரிச்ச முகத்தைப் பார்த்து ஏமாந்தேன். இவங்க கிட்ட பழைய கார்கூட வாங்க மாட்டேன் நான்.”

வில்மா, “மன்னிச்சுக்கோங்க சார்,” என்று சொல்லி, இருபத்திரண்டாவது நிமிடம், இரண்டு பேர் என்று எழுதினாள். அடுத்து ஓர் இளம்பெண் வந்து ஒன்றும் பேசாமல் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். அதுதான் அதிகம் சுட்டது என்று வில்மா பிற்பாடு சொன்னாள். மொத்தம் இருபத்தேழு பேர் எழுந்து போனார்கள்; அதில் பத்தொன்பது பேர் இரண்டாவது பாட்டு ஓடிய நான்கு நிமிடத்துக்குள். எஞ்சியவர்களின் தாள்களைக் கூட்டினேன். ஐம்பத்தாறு.

ஸ்டுடியோவின் விளம்பரப் பொறுப்பில் இருந்தவர் திருமதி ப்ரூயிட். ஐம்பது வயது இருக்கும். மதியம் சாப்பிடவில்லை போலிருக்கிறது. கைப்பையிலிருந்து பாதாம் பருப்பை எடுத்து மென்றுகொண்டே என்னிடம் எண்ணைக் கேட்டார். சொன்னேன். மெல்லுவது ஒரு நொடி நின்றது.

“செப்டம்பர்ல இன்னொரு தடவை போடுவோம்,” என்றார். “எழுபது வந்தா டிசம்பர்ல வெளியிட்டு விருதுக்கு அனுப்புவோம். வரலேன்னா ஆறு பாட்டை வெட்டிட்டு பிப்ரவரியில தள்ளி விட்டுடுவோம். டைரக்டர் கிட்ட இன்னும் சொல்லலை. கார்ல உட்கார்ந்து அழுதுட்டு இருக்காரு.”

“விருது குடுக்கிறவங்களுக்குப் பாட்டு பிடிக்குமா?” என்று வில்மா கேட்டாள்.

“ரொம்பப் பிடிக்கும். அவங்களுக்கு அனுப்பற விளம்பரத்துல முழுக்கப் பாட்டுதான் வைப்போம். டிவியில வர்ற விளம்பரத்துல ஒரு பாட்டும் இருக்காது. ரெண்டும் தனித்தனி ஆளுங்க வெட்டறாங்க.”

“ஒரே படத்துக்கா?”

“ஒரே படத்துக்குத்தான். ஓட்டுப் போடறவங்க வேற, டிக்கெட் வாங்கறவங்க வேறம்மா.”

“ரெண்டு பேரும் ஒரே கதவு வழியாத்தான் வெளிய வர்றாங்க,” என்றாள் வில்மா. ப்ரூயிட் சிரித்தார். அவளுக்கும் இரண்டு பாதாம் கொடுத்தார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். வில்மாவுக்குப் பாட்டுப் படம் பிடிக்காது. கதவிடுக்கில் வரும் பாட்டைக் கேட்டு, “நாலு வார்த்தையில சொல்ல வேண்டியதுக்கு நாலு நிமிஷம்,” என்பாள். ஆகவே அடுத்து அவள் செய்ததைப் பாட்டின்மேல் கொண்ட ஆசையால் செய்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இரண்டாவது காட்சி செப்டம்பர் 19 சனிக்கிழமை, நார்த்ரிட்ஜில். ஆள் பிடிக்க அந்த வாரம் திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மாலின் நீரூற்றுக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்பதை வில்மா என்னிடம் சொன்னபடி எழுதுகிறேன்.

ஊன்றுகோலோடு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது. வில்மா நான்கு வரியையும் ஒப்பித்தாள்.

“தாய் கதைன்னா சரி,” என்றாள் அந்தப் பெண். “பாட மாட்டாங்களே?”

எழுதிக் கொடுத்த பதில் வாயில் தயாராக இருந்தது. வில்மாவின் இடது கால் அன்று அரை மணி நேரத்திலேயே தெறிக்கத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை நான்கு மணிக்கு இந்தப் பெண் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு இருபத்திரண்டாவது நிமிடத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள், அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்ததும் அவளுக்குச் சலித்துவிட்டது.

“பாடுவாங்க,” என்றாள். “பதினோரு பாட்டு.”

“பதினொண்ணா!” அந்தப் பெண் யோசித்தாள். “அப்ப எங்க வீட்டுக்காரருக்கு வேண்டாம். பாட்டு வந்தா அவரு ரிமோட்டைத் தேடுவாரு. எனக்கு மட்டும் ஒரு சீட்டுக் குடுங்க.”

வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவுதானா என்று இருந்ததாம் வில்மாவுக்கு. அடுத்து வந்தவரிடம் அவர் கேட்காமலேயே சொன்னாள். அவர், “ஐயோ சாமி,” என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டார். அவருக்கு ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவரிடமும் சொன்னாள். அதன்பின் எல்லோரிடமும் சொன்னாள்.

முன்பெல்லாம் மூன்று பேரைக் கேட்டால் ஒருவர் சம்மதிப்பார். இப்போது ஏழு பேருக்கு ஒருவர்தான். மூன்று நாள் வேலை ஆறு நாள் ஆயிற்று. சனிக்கிழமை காலையிலும் நின்றாள். லைல் தினமும் போனில் கூப்பிட்டுக் கேட்டான்.

“என்னாச்சு வில்மா? இன்னும் பாதி சீட்டு அப்படியே இருக்குன்னு சொல்றாங்க?”

“கூட்டம் கம்மிப்பா.”

“நார்த்ரிட்ஜ்ல கூட்டம் கம்மியா?”

“வர்றவங்கல்லாம் பையோட வர்றாங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் அட்டையில் அந்த வாரம் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு கோடுகள் இருந்தன. வட்டம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

சனிக்கிழமை நூற்றெண்பத்தொன்பது பேர் வந்தார்கள். நான்கு மணிக்கு விளக்கு அணைந்தது. வில்மா வழக்கம்போலக் கதவருகில் நின்றாள். இருபத்தொன்றாவது நிமிடம் வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். கதவு அசையவில்லை. இருபத்தைந்தாவது நிமிடத்தில் உள்ளே கைதட்டல் கேட்டது. இதற்கு முன் பதினோரு பாட்டுப் படங்களில் ஒன்றுக்கும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் கைதட்டியதாக என்னிடம் குறிப்பு இல்லை.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. வில்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொத்தம் மூன்று பேர் எழுந்து போனார்கள். ஒருவருக்கு வேலை நேரம் வந்துவிட்டது, மற்ற இருவருக்குக் கைக்குழந்தை.

படம் முடிந்ததும் தாள்களை மேசையில் குவித்தேன். ப்ரூயிட் எனக்கு எதிரே நின்றார். நூற்றெண்பத்தாறு தாள்கள், முதல் இரண்டு கட்டங்களில் நூற்றைம்பத்து நான்கு. இரண்டு முறை கூட்டினேன். எண்பத்துமூன்று. அவர் அந்த எண்ணை என் பென்சிலிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே ஓடினார். கார் நிறுத்துமிடத்தில் டைரக்டர் இன்னொரு முறை அழுததாகக் கேள்வி.

லைல் வில்மாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். “முடிச்சிட்டீங்க! திங்கட்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன். போங்க, போய் உட்கார்ந்து பாருங்க.”

உள்ளே ஹோவர்ட் இருபது பேரையும் அனுப்பிவிட்டு ஒலிவாங்கியின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரும், “வாங்க வாங்க, உங்க சொத்து,” என்று முக்காலியைத் தட்டினார். வில்மா ஏறி உட்கார்ந்தாள். திறந்திருந்த கதவு வழியே எனக்குத் தெரிந்தது. காலை முக்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தாள். ஹோவர்ட் விடைபெற்றுப் போனது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

தாளில் ஒன்பதாவதாக ஒரு கேள்வி உண்டு: ‘வருவதற்கு முன் இந்தப் படத்தைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது?’ ஆள் பிடிப்பவர்கள் ஒழுங்காக நான்கு வரியையும் சொன்னார்களா என்று பார்க்க, லைலின் அப்பா காலத்தில் சேர்த்தது. அதன் தொகை அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் வரும். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நான் மட்டும் போடுவேன். அன்று அதை எடுத்தபோது முதல் தாளிலேயே, ‘பாட்டுப் படம், பதினோரு பாட்டு’ என்று இருந்தது. இரண்டாவதிலும் அதுவே. ஒரு தாளில், ‘பாடுவார்கள் என்று நீரூற்றுப் பக்கம் நின்ற அம்மா எச்சரித்தார்’ என்று இருந்தது.

நூற்றெழுபத்தொரு தாள்களில் இப்படி.

வில்மா வந்து என் எதிரே நின்றாள். உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்றாள்.

“ஒன்பதாம் கேள்வி பார்த்துட்டியா?”

“பார்த்துட்டேன்.”

“எத்தனை?”

சொன்னேன்.

“மத்த பதினஞ்சு பேரு என்ன எழுதியிருக்காங்க?”

“‘ஞாபகமில்லை’ன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தர் தன் போன் நம்பரை எழுதியிருக்காரு.”

அவள் சிரிக்கவில்லை. “நீ அந்தப் பக்கத்தை விட்டுட்டா என்ன ஆகும்?”

“யாருக்கும் தெரியாது. முக்காலி உனக்கு.”

“விட்டுடுவியா?”

இருபத்தாறு ஆண்டுகளில் நான் ஒரு பக்கத்தையும் விட்டதில்லை. அவள் முழங்காலையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “திங்கக்கிழமை காலையிலதான் டைப் அடிப்பேன்,” என்றேன்.

“அதுவரைக்கும் உன்னைத் தூங்கவிடாம பண்ணவா?” என்றாள். மேசையில் கையூன்றிக்கொண்டாள். “எமில், நான் யோசிச்சது வேற. இந்த எண்பத்துமூணை நம்பி ஊர் பூரா படத்தை விடுவாங்க. விளம்பரத்துல பாட்டு இருக்காது. அந்த ஸ்டுடியோ அம்மாதான் சொன்னாங்களே. அப்ப என்ன ஆகும்?”

“இருபத்திரண்டாவது நிமிஷம் எழுந்திருப்பாங்க.”

“ஆயிரம் தியேட்டர். ஆயிரம் கதவு. ஒவ்வொரு கதவுலயும் டிக்கெட் கிழிக்கிற பொண்ணு ஒருத்தி நிப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஒருத்தி திட்டு வாங்கறதுக்குச் சலிச்சுக்கிட்டு ஆயிரம் பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன்.” நிமிர்ந்தாள். “எங்க அந்த அம்மா?”

ப்ரூயிட் வெளியே படிக்கட்டில் போனில் யாரிடமோ எண்பத்துமூன்று, எண்பத்துமூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். லைல் பக்கத்தில் நின்றான். நானும் வில்மாவின் பின்னால் போனேன். வில்மா போய் நின்று, போன் முடியும்வரை காத்திருந்து, தன் அட்டையை நீட்டினாள்.

“நான் பாட்டுப் படம்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். எல்லார்கிட்டயும்.”

லைலின் முகம் வெளிறியது. “வில்மா, என்ன பேசறீங்க?”

“நீ இருப்பா. மேடம், பாட்டு உண்டுன்னு விளம்பரத்துல சொன்னீங்கன்னா எண்பத்துமூணு நிஜம். சொல்லலேன்னா ஐம்பத்தாறு நிஜம்.”

ப்ரூயிட் அட்டையை வாங்கிப் பார்த்தார். கோடுகளை விரலால் தடவினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“எத்தனை பேருக்கு ஒருத்தர் வந்தாங்க?”

“ஏழு பேருக்கு.”

“போன தடவை?”

“மூணு பேருக்கு.”

“அப்ப அதுவும் நிஜம்தானேம்மா,” என்றார். “சொன்னா வர்றவங்க உட்கார்ந்து பார்ப்பாங்க, ஆனா நிறைய பேர் வர மாட்டாங்க. சொல்லலேன்னா வருவாங்க, உட்கார மாட்டாங்க. இதை எங்க மேலதிகாரிகிட்ட நான் எப்படிச் சொல்றது?”

“எனக்குத் தெரியலைங்க. எனக்கு இந்தப் படமே பிடிக்கலை,” என்றாள் வில்மா. “கதவு வழியாக் கேட்டேன். மூணாவது பாட்டு மட்டும் சுமாரா இருக்கு.”

ப்ரூயிட் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நீங்க சொன்னதுக்கு நன்றி,” என்றார். அது நிஜமான நன்றி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மேலதிகாரியிடம் சொல்ல உடனே போனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பதினான்காம் பக்கத்தோடு அறிக்கையைக் கொடுத்தேன். லைல் வில்மாவைத் தன் அறைக்கு அழைத்தான். கதவை மூடவில்லை.

“உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா சொல்லிக் குடுத்ததை மாத்திச் சொன்னவங்களுக்கு நான் மேல இடம் குடுத்தா, நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவான். அப்புறம் எந்த ஸ்டுடியோ நம்ம எண்ணை நம்பும்?”

“சரிதான்பா.”

“ஹோவர்ட் இடத்துக்கு என்சினோவுல இருந்து ஒருத்தர் வர்றாரு.”

“சரி.”

“நீங்க வேலையை விடணும்னு சொல்லலை.”

“மாலுல ஒரு நாற்காலியாவது போட்டுக் குடுப்பியா?”

“உட்கார்ந்துக்கிட்டு ஆள் பிடிக்க முடியாது வில்மா. நடக்கிறவன் நிக்கிறவங்களைப் பார்த்துத்தான் நிப்பான். எங்கப்பாவுக்கு இதைச் சொன்னதே நீங்கதான்.”

“ஆமா, நான்தான் சொன்னேன்,” என்றாள். வெளியே வந்து அடுத்த படத்தின் நான்கு வரியை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஸ்டுடியோவில் இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு நான்கு நாள் பேசினார்களாம். கடைசியில் பாட்டுகளை வெட்டவில்லை. டிசம்பரில் எட்டுத் திரையரங்குகளில் மட்டும் வெளியிட்டு, ஓட்டுப் போடுகிறவர்களுக்குப் பாட்டு நிறைந்த விளம்பரத்தை அனுப்பினார்கள். ஜனவரியில் நாடெங்கும் வெளியிட்டு, பாட்டில்லாத விளம்பரத்தை டிவியில் போட்டார்கள். முதல் வாரம் நல்ல கூட்டம். இரண்டாவது வாரம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விருதுப் பட்டியலில் ஒரு பாட்டின் பெயர் மட்டும் வந்தது, மூன்றாவது பாட்டு. வில்மாவிடம் சொன்னேன். “சுமார்னு அப்பவே சொன்னேனே,” என்றாள்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் மாலில் நின்றாள். வலது காலில் பாரத்தைப் போட்டு நிற்கப் பழகி, வலது காலும் வீங்கியது. மார்ச்சில் விருது விழா நடந்தது. அந்தப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை நண்பகலில் அதைச் சொல்லலாம் என்று வில்மாவைக் கூப்பிட்டேன். பின்னணியில் நீரூற்றுச் சத்தம் கேட்டது.

“உட்கார்ந்துட்டேன் எமில்,” என்றாள். “நீரூற்றோட சுவர்ல. பதினோரு மணியில இருந்து உட்கார்ந்துக்கிட்டே கேட்டுப் பார்த்தேன்.”

“எத்தனை பேரு நின்னாங்க?”

“ரெண்டு பேரு. ஒருத்தர் உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. இன்னொரு அம்மா பாத்ரூம் எங்கன்னு கேட்டாங்க.”

“சீட்டு வாங்கினவங்க?”

“ஒருத்தரும் இல்லை. லைலுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், இனிமே வரலேன்னு. அட்டையை நீ வந்து வாங்கிக்கிறியா? கார் வரைக்கும் நடக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.”

ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. அட்டையில் அன்றைய தேதிக்குக் கீழே நாற்பத்தாறு கோடுகள் இருந்தன. வட்டம் ஒன்றும் இல்லை. வாங்கிக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜனங்கள் பையோடும் பையில்லாமலும் எங்களைக் கடந்து போனார்கள்.